கொழுந்து மடுவத்தில் இன்னொரு தராசு

மூன்று வருடங்களுக்கு முன்னர், இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தில், பின்னேர நிறுவைக்காக வரிசையில் நின்ற பெரியம்மா ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பள்ளிக்கூடத்தை விட்டு இடைவிலகிய பிள்ளைகளின் விபரங்களைத் திரட்டுவதற்காகவே நான் அன்று அங்கே போயிருந்தேன். அவர் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணி மழையில் ஊறிக் கனத்திருந்தது. அட்டை கடிக்காமலிருக்கக் கால்களில் தேய்த்திருந்த சவர்க்காரம் கரைந்து, அதையும் மீறிக் கடித்த இடத்து இரத்தத்தோடு சேர்ந்து வழிந்துகொண்டிருந்தது. தலையில் மாட்டியிருந்த கொழுந்துச் சுமைக் கயிற்றைக் கழற்றாமலே அவர் கேட்டார்: "டீச்சர், ஒரு நாளைக்கி மூணு தடவ கொழுந்த நிறுக்கிறாங்க. எங்கள எப்பயாச்சும் யாராச்சும் நிறுத்துப் பாத்திருக்காங்களா?"

வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஹட்டனுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான், கர்ப்பகாலத்துக் கிளினிக் அட்டைகளில் எழுதப்படும் நிறையைத் தவிர, அந்த வரிசையில் நின்ற பெண்களில் பெரும்பாலானோரின் உடல் நிறையோ இரத்த அழுத்தமோ வேறெங்கும் பதியப்பட்டிருக்க வழியில்லை என்பது எனக்கு உறைத்தது. அவர்கள் பறித்த கொழுந்தின் நிறையோ செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டிலும் தொழிற்சாலைப் புத்தகத்திலும் நாள் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தது.

நான் முன்னர் ஆசிரியையாக இருந்தவள். இப்போது ஹட்டனில் இயங்கும் சிறிய சமூக அமைப்பொன்றுக்காக நிதி விண்ணப்பங்கள் எழுதுவதே என் வேலையின் பெரும்பகுதி. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சொல்வதுபோலச் சொன்னால், புரொப்போசல் எழுதுகிறவள். அந்தக் காலப்பகுதியில் வெளிநாட்டு நிதியமொன்று, எதிர்காலத்தின் சுகாதார சமநீதிக்கு உதவக்கூடிய வழக்கத்துக்கு மாறான யோசனைகளுக்குப் பணம் தருவதாக அறிவித்திருந்தது. சமத்துவம் என்று எழுதாமல் சமநீதி என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நுவரெலியா நகரத்தில் இருப்பவருக்கும் ஏழு கிலோமீற்றர் ஏற்றத்துக்கு அப்பால் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருப்பவருக்கும் ஒரே கிளினிக், ஒரே நேரம், ஒரே மருந்து என்று வைப்பது சமத்துவமாக இருக்கலாம். ஏற்றத்தில் இருப்பவருக்கு அந்த ஏழு கிலோமீற்றரையும் கணக்கில் எடுத்துக்கொள்வதையே நான் சமநீதி என்கிறேன்.

இவ்வகை நிதிகள் எவ்வாறு தோன்றின என்பதைச் சற்றுச் சொல்ல வேண்டும். வழமையான ஆய்வு நிதியங்கள், விண்ணப்பிப்பவர் இதுவரை என்ன செய்திருக்கிறார், கையில் எவ்வளவு ஆதாரம் வைத்திருக்கிறார் என்பதையே முதலில் பார்க்கும். பாதி நிரூபிக்கப்பட்டுவிட்ட யோசனைக்கு மட்டுமே பணம் கிடைக்கும் என்பதுதான் இதன் விளைவு. அதை உடைப்பதற்காக அமெரிக்காவின் கேட்ஸ் மன்றம் 2008இல் 'கிராண்ட் சலேஞ்சஸ் எக்ஸ்புளோரேஷன்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. விண்ணப்பம் இரண்டே பக்கம். முன்கூட்டிய தரவு எதுவும் தேவையில்லை. தெரிவானால் முதற்கட்டமாக 100,000 டொலர். அதில் ஏதாவது தேறினால் 10 இலட்சம் டொலர் வரை இரண்டாம் கட்டம். 2010இல் கனடா இதே பாணியில் தன் சொந்த அமைப்பை உருவாக்கியது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இருக்கும் ரொபர்ட் வுட் ஜோன்சன் மன்றம் 1972 முதல் அந்நாட்டின் சுகாதாரத்துக்காக மட்டுமே பணம் செலவிடும் பெரிய நிதியம். அதுவும் எதிர்காலத்தை நோக்கிய முன்னோடி யோசனைகளுக்கென்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. அந்தப் பணம் நமக்கு வராது. ஆனாலும் அதன் கேள்விகள் உலகின் மற்ற நிதியங்களின் விண்ணப்பப் படிவங்களுக்குத் தொற்றி, கடைசியில் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள எங்கள் அலுவலகத்துக் கணினியிலும் வந்து நின்றன.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது நியூசிலாந்தின் வழி. அந்நாட்டுச் சுகாதார ஆய்வுச் சபை 2013இல் 150,000 நியூசிலாந்து டொலர் கொண்ட 'எக்ஸ்புளோரர்' மானியங்களை வழங்கத் தொடங்கியது. விண்ணப்பித்தவர் யாரென்று மதிப்பீட்டாளர்களுக்குத் தெரியாது. யோசனை உண்மையிலேயே மாற்றம் தரக்கூடியதா, செய்து பார்க்கக்கூடியதா என்ற இரண்டை மட்டும் பார்த்து, தேறியவற்றை ஒன்றாக வைத்துச் சீட்டுக் குலுக்குகிறார்கள். விஞ்ஞானத்துக்குச் சீட்டுக் குலுக்கலா என்று நானும் முதலில் முகம் சுளித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், எது வெல்லும் என்று யாருக்கும் தெரியாத இடத்தில் தெரிந்ததுபோல் நடித்துப் புள்ளி போடுவதைவிட, தெரியாது என்று ஒப்புக்கொண்டு குலுக்குவதே நேர்மையாகப்பட்டது. ஆங்கிலம் அழகாக எழுதத் தெரிந்தவர், பெரிய பல்கலைக்கழகத்தின் கடிதத்தாள் வைத்திருப்பவர் என்ற அனுகூலங்கள் குலுக்கலில் செல்லுபடியாவதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே பெரிய விடயம்.

வழக்கத்துக்கு மாறான யோசனை என்பது எவ்வளவு கவர்ச்சியானது, எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு நான் எங்கள் இளைய ஊழியர்களுக்கு எப்போதும் சொல்லும் உதாரணம், கம்போடியாவின் இரும்பு மீன். 2008 அளவில், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர், கம்போடியக் கிராமங்களில் பெண்களுக்கு இருந்த இரத்தச்சோகையைக் கண்டு, சமைக்கும் பானைக்குள் இரும்புத் துண்டொன்றைப் போட்டால் என்ன என்று யோசித்தார். மாத்திரை விலையானது, வயிற்றைப் பிரட்டும். இரும்புத் துண்டோ வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் வெறும் இரும்புக் கட்டியைச் சோற்றுப் பானையில் போட எந்தப் பெண் சம்மதிப்பாள்? அவ்வூர் மக்கள் அதிர்ஷ்டம் என்று கருதும் ஆற்று மீனின் வடிவத்தில் அதை வார்த்துக் கொடுத்தார், மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். கொதிக்கும் தண்ணீரில் மீனைப் போட்டு, கொஞ்சம் புளிப்புச் சேர்த்து, பத்து நிமிடம் விட வேண்டும், அவ்வளவுதான். ஆரம்ப முடிவுகள் நம்பிக்கை தந்தன, உலகப் பத்திரிகைகள் கொண்டாடின, விருதுகள் வந்தன. பிறகு இன்னும் கவனமாக நடத்தப்பட்டு 2017இல் வெளியான பரிசோதனையொன்றில், அந்த மீன் பெண்களின் ஹீமோகுளோபின் அளவை உயர்த்தவில்லை என்று தெரியவந்தது. அங்கே இரத்தச்சோகைக்குப் பெரிய காரணம் இரும்புக் குறைபாடு அன்று. பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் கோளாறுகளே அதில் பெரும் பங்கு வகித்தன.

இந்தக் கதையைக் கேலிக்காக நான் சொல்வதில்லை. பெண்களின் மனத்தைப் புரிந்துகொண்டு மீன் வடிவத்தைக் கண்டுபிடித்த அந்த மாணவரின் நுட்பம் எனக்கு இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது. வடிவம் சரியாக இருந்தது. நோயின் காரணம்தான் வேறாக இருந்தது. எங்கள் மலைகளிலும் இரத்தச்சோகை உண்டு. அதற்குச் சாப்பாட்டில் இரும்பு போதாமையும், சாப்பாட்டோடு சாப்பாடாகக் குடிக்கும் பால் சேர்க்காத பிளேன்டீ அந்தக் கொஞ்ச இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுப்பதும், அடுத்தடுத்த பிரசவங்களும் என்று பல காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. இங்கேயும் யாராவது ஒரு மீனோடு வந்து இறங்கலாம். வந்தால் வரவேற்பேன், ஆனால் முதலில் காரணத்தைக் கேட்பேன்.

மலையகத்துக்கு இந்த நிதி ஏன் வேண்டும் என்று எழுதுவது விண்ணப்பத்தில் எனக்கு எளிதான பகுதி. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். தோட்டத்துறையில் அது 32 சதவீதம். இலவச வைத்தியத்துக்காகவும் தாய்சேய் மரணத்தைக் குறைத்ததற்காகவும் உலகம் உதாரணம் காட்டும் ஒரு நாட்டுக்குள், தோட்டத்து எல்லைக் கல்லைத் தாண்டியதும் இலக்கம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இதற்கு வரலாறும் உண்டு. 1872இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொட்டு, தோட்டத் தொழிலாளியின் வைத்தியம் தோட்டத்தின் காரியமாகவும் ஏனைய மக்களின் வைத்தியம் அரசின் காரியமாகவும் பிரிந்தே வளர்ந்தது. தோட்ட டிஸ்பென்சரியையும் அரச வைத்தியசாலையையும் ஒன்றாக்கும் வேலை இன்னும் முழுமையாக முடியவில்லை.

என் முதல் விண்ணப்பம் நிறுவையைப் பற்றியதன்று. அது பேரைப் பற்றியது. மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக விளக்குகிறேன்: தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு வந்து, குறித்த அளவு கொழுந்தைப் பறித்துக் கொடுத்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். பல தோட்டங்களில் அந்த அளவு 18 கிலோ அல்லது 20 கிலோ. எடை குறைந்தால் அரைப்பேர். நீரிழிவுக் கிளினிக்குக்குப் போனால் பேரே இல்லை. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது என்னவோ உண்மைதான். ஆனால் சம்பளம் உயர உயர, கிளினிக்குக்குப் போவதால் இழக்கும் தொகையும் உயர்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசம். அந்த இலவச மருந்தை வாங்குவதற்கு ஒரு பெண் ஒரு பேரையும், ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்குமான காசையும், சில வேளைகளில் முழு நாள் பட்டினியையும் கொடுக்கிறாள். ஆகவே கிளினிக் நாளின் பேரை ஒரு வருடத்துக்கு நாங்கள் கொடுக்கிறோம், வருகை எப்படி மாறுகிறது என்று பார்ப்போம் என்று எழுதினேன்.

நிராகரித்தார்கள். யோசனை முக்கியமானதுதான், ஆனால் அதில் புதுமை போதாது, அது வருமான உதவியாகத் தெரிகிறதே அன்றிச் சுகாதாரத் திட்டமாகத் தெரியவில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். கோபம் வந்தது. மருந்துக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்பது ஒரு நாட்சம்பளம் என்றால், அந்தச் சம்பளமும் மருந்துதானே? ஆயினும் அவர்கள் பக்கத்தில் ஒரு நியாயமும் இருந்தது: ஒரு வருடம் முடிந்து நாங்கள் பணத்தை நிறுத்திய பிறகு என்ன நடக்கும் என்பதற்கு என் விண்ணப்பத்தில் பதில் இருக்கவில்லை. அந்த வெற்றிடத்தை நான் அழகான வாக்கியங்களால் மூடியிருந்தேன். அவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அடுத்த முறை பெரியம்மாவின் கேள்வியை எழுதினேன். பெண்களைக் கிளினிக்குக்கு இறக்குவதற்குப் பதிலாக, அவர்கள் எப்படியும் வரிசையில் நிற்கும் இடத்துக்கே கிளினிக்கின் ஒரு சிறு துண்டை ஏற்றுவது; கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில், கிழமைக்கு ஒரு நாள், நிறையையும் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பார்ப்பது; அளவு கூடுதலாக உள்ளவர்களுக்குச் சிபாரிசுத் துண்டு எழுதிக் கிளினிக்குக்கு அனுப்புவது. பேர் போகாது, பஸ் காசு போகாது. இது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. படத்தில் நன்றாகத் தெரியக்கூடிய யோசனை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இவ்வளவு காலம் எழுதி எனக்குக் கிடைத்த அனுபவம் அப்படி.

தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையிடம் அனுமதி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடம் அனுமதி, ஓய்வுபெற்ற தாதி ஒருவரைத் தேடிப் பிடித்தது ஆகியவற்றை இங்கே விரிக்கப் போவதில்லை. ஐந்து மாதம் சென்றது என்று சொன்னால் போதும். முதல் நாள் எங்கள் மின்தராசைக் கொழுந்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தோம். அது பிழையான இடம் என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. கொழுந்துத் தராசைப் பற்றி இந்தப் பெண்களுக்கு ஒரு நல்ல நினைவும் இல்லை. சாக்குக்கு, ஈரத்துக்கு என்று ஒவ்வொரு நிறுவையிலும் கிலோ கழிப்பது அவர்களுடைய பழைய மனக்குறை. முதலில் ஏறி நின்ற பெண் இலக்கத்தைப் பார்த்துவிட்டு, "இதுல எத்தன கிலோ கழிப்பீங்க டீச்சர்?" என்று கேட்டாள். கணக்கப்பிள்ளையும் சிரித்ததாகத்தான் ஞாபகம். மறுகிழமை எங்கள் தராசை மடுவத்தின் மறுகோடிக்கு மாற்றி, இலக்கத்தைச் சத்தமாகச் சொல்லாமல் அவரவர் அட்டையில் மட்டும் எழுதத் தொடங்கினோம்.

நிறைக்குப் பிரச்சினை இருக்கவில்லை. பிரஷர்தான் எங்களைக் கவிழ்த்தது. முதற் கிழமைகளில் வரிசையில் வந்த பலருக்கு 140க்கு 90ஐத் தாண்டிய அளவுகளே வந்தன. நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன் என்பதை இப்போது வெட்கத்தோடு சொல்கிறேன்: இவ்வளவு பெரிய மறைந்திருந்த நோயைக் கண்டுபிடித்துவிட்டோமே என்று அறிக்கையின் முதல் வாக்கியத்தைக்கூட மனத்தில் எழுதிவிட்டேன். அந்தப் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர் ஒரு நாள் வந்து, கொஞ்ச நேரம் கைகட்டி நின்று பார்த்தார். நாங்கள் மிட்வைப் மிஸ் என்று அழைக்கும் அவர் அதிகம் பேசாதவர். "இவங்க இப்பத்தான் பாரத்தோட மேட்டுல ஏறி வந்திருக்காங்க. உக்கார வைக்காம பாத்தா உங்களுக்கும் எனக்கும்கூட இப்படித்தான் காட்டும் மிஸ்" என்றார்.

பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். இரத்த அழுத்தத்தைப் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடமாவது முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பட அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் தாதிக்கு அது தெரியும். எனக்கும் பயிற்சிக் கையேட்டில் படித்த நினைவு இருந்தது. ஆனால் கொழுந்து மடுவத்தில் உட்காருவதற்கு எதுவும் இல்லை. நூறு வருடமாக அந்தப் பெண்கள் அங்கே நின்றபடியேதான் காத்திருக்கிறார்கள். அவர்களை உட்கார வைக்க வேண்டும் என்ற எண்ணமே அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்களுக்கு இருக்கவில்லை, யோசனை எழுதிய எனக்கும் இருக்கவில்லை. உபகரணங்கள் என்ற தலைப்பில் மிச்சமிருந்த பணத்தில் ஆறு பிளாஸ்டிக் கதிரைகள் வாங்கினோம். அளவுகள் இறங்கின. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை.

மற்றக் காரணத்தைச் சொன்னவர் அந்தப் பெரியம்மாவேதான். கதிரையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பொறுக்கச் சொன்னபோது அவர் என் காதோரம் குனிந்து, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வந்ததிலிருந்து ஒதுங்கவே இல்லை, இன்னும் ஐந்து நிமிடம் உட்காரச் சொல்கிறாயே என்றார். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது பார்த்தால் இரத்த அழுத்தம் கூடுதலாகவே காட்டும். அதுவும் அதே கையேட்டில், அதே பக்கத்தில் உள்ளதுதான். மலையில் மலசலகூடம் இல்லை. ஆண்கள் எங்கேயாவது ஒதுங்கிவிடுவார்கள். கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் குட்டையாக நறுக்கிய மலையில் மறைவுக்கு ஒரு செடிகூடக் கிடையாது. மறைவுள்ள மலையில் அட்டையும் குளவியும். ஆகவே பெண்கள் காலையிலிருந்து தண்ணீரைக் குறைத்துக் குடித்து, மாலை லயத்துக்குத் திரும்பும்வரை அடக்கிக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று இங்கே இவ்வளவு சாதாரணமாக இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லையென்று யாராலும் சொல்ல முடியாது. நான் இந்த மலைகளில் பிறந்தவள், என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர். இருந்தும் ஒரு வெளிநாட்டுப் பணத்தில் வாங்கிய கருவி பிழையாகக் காட்டும்வரை இதை ஒரு சுகாதாரப் புள்ளிவிபரமாக நான் யோசித்ததில்லை.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல என்பதுதான் இன்னும் உறுத்துவது. 1913இல் உருவான அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம், 1916இல் இலங்கையின் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. அந்தக் காலத்துக்கு அதுவும் வழக்கத்துக்கு மாறான யோசனைதான்: வெளிநாட்டுத் தருமப் பணத்தைக் கொண்டு, நோயென்று யாரும் கணக்கெடுக்காத ஒரு நோயை, கூலிகள் என்று அழைக்கப்பட்ட மக்களிடையே தேடிப் பிடித்து வைத்தியம் செய்வது. மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோல் வழியாகக் கொக்கிப்புழு உடலுக்குள் போகும். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். ஆள் வெளுத்துச் சோர்ந்துபோவார். மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. அதே ஆள் அதே மண்ணில் மறுநாளும் வெறுங்காலோடு நடந்தார், புழு திரும்பி வந்தது. கழிப்பிடங்கள் கட்டாமல் மருந்து பயன்படாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அதற்குப் பணம் செலவழிக்கத் தோட்டச் சொந்தக்காரர்கள் காட்டிய தயக்கமும் அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டதன் தொடர்ச்சியாகத்தான் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு உருவானது. வைத்திய அதிகாரியும் மருத்துவிச்சியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வீடு தேடிப் போகும் முறை அது. இன்று நாடு முழுவதும் உள்ள சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளின் தாய் அதுவே. மானிய வரலாற்றில் இதைவிட நல்ல தோல்வி வேறொன்று இருக்குமா தெரியவில்லை. தோல்வியைக் கொடுத்தது தோட்டம், அதிலிருந்து பிறந்த முறை தொடங்கியது களுத்துறையில், அது தோட்டத்து லயங்களுக்குள் முறையாக வந்து சேர்வதற்கோ மேலும் பல தசாப்தங்கள் சென்றன.

நாங்கள் நிதியத்துக்கு எழுதினோம்: சீனிப் பரிசோதனைப் பட்டிகளுக்கென்று ஒதுக்கியதில் ஒரு பகுதியைத் திருப்பி, மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு மலசலகூடம் கட்ட அனுமதியுங்கள்; இல்லாவிட்டால் எங்கள் அளவுகளே நம்பத்தகாதவை. பதில் இரண்டு நாளில் வந்தது. கட்டுமானச் செலவுகள் இந்த மானியத்தின் விதிகளுக்குள் அடங்கா. இதை எழுதியவர் நல்லவர். தொலைபேசியில் பேசியபோது உண்மையாகவே வருந்தினார். 'கற்றுக்கொண்ட பாடங்கள்' என்ற பெட்டியில் இதை விரிவாக எழுதுங்கள், எங்கள் குழு மிகவும் விரும்பிப் படிக்கும் என்றார். எழுதினேன். 300 சொற்களுக்கு மேல் அந்தப் பெட்டி ஏற்றுக்கொள்ளவில்லை.

தோல்வியை வரவேற்கிறோம் என்று இந்த நிதியங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் அவர்கள் மனத்தில் இருக்கும் தோல்வி ஒரு குறிப்பிட்ட வகையானது: யோசனை வேலை செய்யவில்லை, பணம் போயிற்று, அடுத்த யோசனைக்குப் போவோம். எங்களுக்கு நடந்தது வேறு. யோசனை வேலை செய்யாமற்போனபோதுதான் எதைச் செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது, அதைச் செய்வதற்கான பணமும் கையில் இருந்தது, அந்தப் பணத்துக்குத்தான் அசைய அனுமதி இல்லை. மானியத்தில் பத்தில் ஒரு பங்கையாவது, நடுவழியில் தெரியவரும் காரணத்துக்காகக் கேள்வியின்றிச் செலவிடலாம் என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்ப்பது எந்த நிதியத்துக்கும் கடினமானதன்று. தமிழிலோ சிங்களத்திலோ, குரல் பதிவாகவோ விண்ணப்பம் அனுப்பலாம் என்ற வரியும் அப்படித்தான். பெரியம்மாவின் கேள்வியை நான் ஆங்கிலத்தில் எழுதியபோது அதிலிருந்த குத்தல் முழுவதும் காணாமற்போய், பங்கேற்பு அடிப்படையிலான பரிசோதனை மாதிரி என்று ஆகிவிட்டது.

மானியம் என்றாலே இப்படித்தான் என்று சொல்வதும் நியாயமாகாது. 2016இல் இந்திய அரசின் நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பிறகு நாடு முழுவதற்கும் விரிந்து, இன்று மலைநாட்டு வீதிகளிலும் ஓடுகிறது. டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையின் புதிய கட்டடத் தொகுதியும் இந்திய நன்கொடைதான். 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் வந்து திறந்துவைத்தார். இரண்டிலும் யோசனையில் பெரிய விசித்திரம் எதுவுமில்லை. அம்புலன்ஸும் வைத்தியசாலையும் மற்றவர்களுக்கு என்றோ வழமையாகிவிட்டவை. வழமையானது வந்து சேராத இடத்தில் வழமையானதைக் கொண்டுவருவதே எங்களுக்கு மாறுதலானது என்பதை அந்தச் சிறிய பெட்டிகளில் எப்படி எழுதுவது என்று இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

மலசலகூடம் இன்னும் கட்டப்படவில்லை. தோட்ட நிர்வாகம் இடம் தரச் சம்மதித்திருக்கிறது; சரிவில் குழி எடுத்தால் கீழே உள்ள ஊற்றுநீர்ப் பீலியின் தண்ணீர் கெடுமா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துச் சொல்ல வேண்டும். திட்டத்தின் கடைசி மாதங்களில், நிறுவைக்கு முன் கீழ் லயத்துக்குப் போய்விட்டு வர அரைமணி நேரம் விடுமாறு கணக்கப்பிள்ளையிடம் கேட்டு, வந்தவர்களை உட்கார வைத்து மீண்டும் பார்த்தோம். அப்போதும் கூடுதலாக இருந்தவர்களுக்குக் கிளங்கனுக்குத் துண்டு எழுதிக் கொடுத்தோம். சிலர் போனார்கள். போகாதவர்களில் ஒருவர் அந்தப் பெரியம்மா. ஏன் போகவில்லை என்று கேட்டேன். "போனா பேரு போயிருமே டீச்சர்" என்றார்.

இவ்வருட விண்ணப்பத்துக்கான கடைசித் திகதி மாத முடிவில். இரண்டு பக்கம். முதற்பக்கத்தில் குழியும் இரண்டாம் பக்கத்தில் பேரும் இருக்கின்றன. இம்முறை பேருக்கான கணக்கில், நாங்கள் நிறுத்திய பிறகு தோட்டம் அதை எப்படிச் சுமக்கும் என்பதற்குத் தொரையுடன் பேசி எழுதிய மூன்று வரிகளும் உண்டு. இதில் புதுமை என்ன என்ற கேள்விக்கான பெட்டியை இன்னும் நிரப்பவில்லை. அந்த ஆறு கதிரைகளும் மடுவத்திலேயே இருக்கின்றன; போன கிழமை நான் போனபோது அவற்றில் ஒன்றில் கங்காணி உட்கார்ந்திருந்தார், பெரியம்மா அவரை எழுப்பிக்கொண்டிருந்தார்.